படகு வலிக்கப் பழகுவோருக்கு

பரிசல்காரர் துழாவுவதும் ரோயிங் படகில் வலிப்பதும் ஒன்றல்ல. பரிசலிலும் கயாக்கிலும் துடுப்பு எதிலும் பூட்டாமல் கையில் இருக்கும். முகம் போகிற திசையைப் பார்த்திருக்கும். ரோயிங்கில் துடுப்பு, படகுக்கு வெளியே நீண்டிருக்கும் ரிக்கர் என்ற சட்டத்தில் பூட்டியிருக்கும். போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைப்பிடியைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். தண்டு வலித்தல், துடுப்பு வலித்தல் என்ற பழைய வழக்கு இதற்குத்தான் சரியாகப் பொருந்தும்.

ஆனால் அந்தச் சொல்லே புதியவரை ஏமாற்றவும் செய்யும். வலிப்பது என்றதும் தோளும் கையும்தான் நினைவுக்கு வரும். இந்தப் படகில் சீட்டுக்குச் சக்கரம் உண்டு. இரண்டு தண்டவாளங்களின் மேல் அது முன்னும் பின்னும் ஓடும். சக்கரம் வைத்ததே காலால் உந்துவதற்காக. வேலையில் பெரும்பங்கு தொடைக்கு, அடுத்தது இடுப்புக்கு, மிச்சம் மீதி கைக்கு. முதல் பத்து வகுப்பும் இந்த வரிசையை உடம்புக்குப் புரியவைப்பதிலேயே போய்விடும். போகட்டும், அவசரமில்லை.

எங்கே சேர்வது, என்ன கேட்பது

சென்னையில் அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867 முதல் இருக்கிறது. கொழும்பில் பெய்ரா ஏரியில் கொழும்பு ரோயிங் கிளப் 1864இல் தொடங்கியது. இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரோடொருவர் பந்தயம் விடுவது பல தலைமுறைப் பழக்கம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். டொரொன்டோவில் 1872இல் தொடங்கிய ஆர்கொநாட் கிளப் இருக்கிறது. பாஸ்டனில் பொதுமக்களுக்காகவே 1985இல் உருவான கம்யூனிட்டி ரோயிங் இருக்கிறது. ‘லேர்ன் டு ரோ’ என்ற பெயரில் வரும் சில வார வகுப்புதான் புதியவருக்கான வாசல். உறுப்பினராகாமல் பழக முடியுமா என்பது கிளப்புக்குக் கிளப் மாறும். நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

கட்டணத்தைக் கேட்பதற்கு முன் வேறு மூன்றைக் கேளுங்கள். புதியவர்களோடு பயிற்சியாளரின் மோட்டார் படகு கூடவே வருமா? பழகுபவர்களுக்கென்று அகலமான படகு உண்டா? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? முதல் கேள்விக்கு ‘தேவைப்பட்டால் வரும்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். கவிழ்ந்தவனுக்குத் தேவைப்படும்போது அந்தப் படகு கரையில் கட்டிக் கிடந்து என்ன பயன்?

நீச்சல் கட்டாயம். லேசான உடுப்போடு 50 மீட்டர் நீந்தவும், தரையில் கால் படாத ஆழத்தில் சில நிமிடம் மிதந்து நிற்கவும் தெரிய வேண்டும். தெரியாது என்றால் முதலில் அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள். லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் மறுக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

உடுப்பு உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். தொளதொள டி-ஷர்ட்டின் விளிம்பில் கைப்பிடி மாட்டும். அகலமான ஷார்ட்ஸின் துணி சீட்டுச் சக்கரத்தில் சிக்கிக் கிழியும். ஷூ படகிலேயே பொருத்தியிருப்பதால் சாக்ஸ் போதும். கண்ணாடிக்குப் பின்னால் கயிறு கட்டுங்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், இடக்கை நகத்தை முக்கியமாக. ஏன் என்பது கீழே வரும்.

முதலில் மெஷின்

படகில் ஏற்றும் முன் இரண்டு மூன்று வகுப்பு ரோயிங் மெஷினில் உட்காரவைப்பார்கள். பெரும்பாலான கிளப்புகளில் இருப்பது கான்செப்ட்2 மெஷின். காற்றாடிச் சக்கரத்தின் பக்கத்தில் 1 முதல் 10 வரை எண் போட்ட ஒரு நெம்புகோல் இருக்கும். ஜிம்முக்கு வரும் இளைஞர்கள் அதை நேரே 10இல் கொண்டுபோய் வைப்பார்கள். அது வீரம் அல்ல, கீழ்முதுகுக்குக் கேடு. சைக்கிள் கியர் மாதிரிதான் அது. எண் கூடினால் ஒவ்வொரு இழுப்பும் கனக்கும், அவ்வளவே. 3க்கும் 5க்கும் நடுவே வையுங்கள்.

கால்வார் பாதத்தின் அகலமான இடத்துக்கு மேல், விரல்கள் தொடங்கும் இடத்தில் குறுக்கே போக வேண்டும். பிறகு ஒரு இழுப்பை நாலாகப் பிரித்துப் பழகுங்கள்.

கேட்ச்: முழங்கால் மடங்கி, அதற்குக் கீழே கால் செங்குத்தாக நிற்கும். கை நீண்டிருக்கும். உடம்பு இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்திருக்கும்; முதுகு கூன் போடாது.

டிரைவ்: காலால் பலகையை உந்துங்கள். கை கயிறு மாதிரி நீண்டே இருக்கட்டும், முதுகின் சாய்வும் மாறவேண்டாம். கால் ஏறக்குறைய நீண்டதும் இடுப்பைப் பின்னால் திறங்கள். அதற்கும் பிறகுதான் கை மடங்கும்.

ஃபினிஷ்: கால் நேராக, உடம்பு லேசாகப் பின்சாய்ந்து, கைப்பிடி விலாவின் அடியைத் தொட்டு நிற்கும்.

ரெகவரி: போன வழியே தலைகீழாகத் திரும்புவது. முதலில் கை நீளும், பிறகு உடம்பு முன்சாயும், கைப்பிடி முழங்காலைத் தாண்டியபின் கால் மடங்கும்.

போகும்போது கால், உடம்பு, கை. வரும்போது கை, உடம்பு, கால். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வரிசை பிசகினால் உடனே தெரிந்துவிடும்: கைக்கு முன்பே முழங்கால் எழும்பிக் கைப்பிடி அதன்மேல் இடிக்கும். அதைத் தவிர்க்கக் கைப்பிடியைத் தூக்கித் தாண்டவைப்பவர்கள் உண்டு. மெஷினில் அதனால் ஒன்றும் ஆகாது. படகில் கையைத் தூக்கினால் துடுப்பின் மறுமுனை தண்ணீருக்குள் குத்தும்.

வேகக் கணக்கு இரண்டு. ஒன்று நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு என்பது. புதியவருக்கு 18 முதல் 20 போதும். மற்றது 500 மீட்டருக்கு ஆகும் நேரம். இழுப்பின் எண்ணிக்கை 20லேயே நிற்க, 500 மீட்டர் நேரம் 2:50இலிருந்து 2:40க்கு இறங்கினால் காலால் உந்தக் கற்றுக்கொண்டீர்கள் என்று பொருள். எண்ணிக்கை 30க்கு ஏறி நேரம் அதேயானால் சீட்டில் ஓடி விளையாடுகிறீர்கள். ஐந்து நிமிடம் வலித்து இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி நாலு முறை. தொடக்கத்தில் இதற்கு மேல் வேண்டாம். வலிக்க வேண்டியது துடுப்பை. முதுகு வலித்தால், கால் முடியும் முன்பே முதுகைத் திறக்கிறீர்கள் அல்லது கூன் போட்டபடி இழுக்கிறீர்கள்.

படகை அறிதல்

ஒரு ஆளுக்கு இரண்டு துடுப்பு என்றால் ஸ்கல்லிங். ஒரு ஆளுக்கு ஒரே துடுப்பு என்றால் ஸ்வீப். ஸ்கல் துடுப்பு 2.9 மீட்டர் அளவு, ஸ்வீப் துடுப்பு 3.7 மீட்டர் அளவு. ஒற்றையர் போட்டிப் படகு 8 மீட்டர் நீளம். குறைந்தபட்ச எடை 14 கிலோதான். தண்ணீரைத் தொடும் இடத்தில் அதன் அகலம் 30 செ.மீ. அளவே இருக்கும். பழகுபவருக்குத் தரும் படகு இதைவிட அகலம், கனம், ஆட்டமும் குறைவு. அதை இளக்காரமாக நினைக்காதீர்கள்.

பக்கக் கணக்கு புதியவரைக் குழப்பும். துடுப்பிலோ, சட்டத்தின் முனையில் துடுப்பைப் பூட்டும் கொண்டியான கேட்டிலோ சிவப்பு, பச்சை டேப் ஒட்டியிருப்பார்கள். சிவப்பு படகின் இடப்பக்கம். ஆனால் நீங்கள் பின்னோக்கி உட்கார்ந்திருப்பதால் அது உங்கள் வலக்கைக்கு வரும். பச்சை இடக்கைக்கு. இந்த ஒன்றை மனதில் வைத்தால் துடுப்பை மாற்றி மாட்டும் தவறு நடக்காது.

கிளம்பும் முன் நாலு இடத்தில் கை வைத்துப் பாருங்கள். படகின் மூக்கில், அதாவது முன்முனையில், ரப்பர் பந்து உறுதியாக இருக்கிறதா? அது பிறர் உடம்பைக் குத்தாமல் இருப்பதற்கு. காற்று அறைகளின் மூடிகள் இறுக்கமா? படகு கவிழ்ந்தாலும் மிதப்பது அவற்றால்தான். அடியில் சிறு துடுப்பு போல நிற்கும் ஃபின் உடையாமல் இருக்கிறதா? கடைசியாக ஷூவின் குதிகால் கயிறு. ஷூவின் குதிகால் 7 செ.மீ.க்கு மேல் எழும்பாதபடி அது கட்டப்பட்டிருக்க வேண்டும். கவிழ்ந்து காலை இழுக்கும்போது அந்தக் கயிறு ஷூவைப் பிடித்து நிறுத்தும், பாதம் மட்டும் வெளியே வரும். கயிறு அறுந்திருந்தால் ஷூவும் காலோடு வரும், பாதம் வராது. அறுந்த கயிற்றோடு தண்ணீரில் இறங்கவே கூடாது.

ஏறுவது

படகு மேடைக்கு இணையாக மிதக்கும். மேடைப் பக்கத்துத் துடுப்பை கேட்டில் வைத்துத் திருகிப் பூட்டுங்கள்; துடுப்பின் காலர், அதாவது தண்டைச் சுற்றிய வளையத் தடுப்பு, கேட்டுக்கு உட்பக்கம், உங்கள் பக்கம், இருக்க வேண்டும். பிறகு தண்ணீர்ப் பக்கத்துத் துடுப்பைப் பூட்டி வெளியே தள்ளுங்கள். கேட்டைப் பூட்டாமல் ஏறுவதுதான் முதல்நாள் குளியலுக்குப் பொதுவான காரணம்.

1. படகின் பின்பக்கம் பார்த்து நில்லுங்கள். தண்ணீர்ப் பக்கத்துக் கையால் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துப் பிடியுங்கள். இறங்கும்வரை கைப்பிடிகளை விடவே கூடாது.

2. சீட்டைப் பின்னால் தள்ளுங்கள். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மிதிபலகை தெரியும்.

3. தண்ணீர்ப் பக்கத்துக் காலை அந்தப் பலகையில் மட்டும் வையுங்கள். படகின் அடித்தட்டு சில மில்லிமீட்டர் கனம்தான். அதில் மிதித்தால் குதிகால் ஓட்டை போட்டுக்கொண்டு ஆற்றுக்குள் போகும்.

4. மற்றக் காலை எடுத்து ஷூ இருக்கும் பக்கம் நீட்டி, ஒற்றைக்கால் தோப்புக்கரணம் போல நிதானமாக உட்காருங்கள்.

5. ஷூ மாட்டி வெல்க்ரோ ஒட்டுங்கள். ஒரே இழுப்பில் கழல வேண்டும். அழுத்தி இறுக்க வேண்டாம்.

இறங்குவதும் இதே வழியில், தலைகீழாக.

தண்ணீரில் முதல் நாள்

பிளேடு, அதாவது துடுப்பின் அகலமான முனை, இரண்டு பக்கமும் தண்ணீர்மேல் தட்டையாகப் படிந்து, கைப்பிடிகள் ஒரே உயரத்தில் உங்கள் முன்னால் இருந்தால் படகு கவிழாது. இரண்டு துடுப்பும் பக்கத்துக்கு ஒன்றாகத் தாங்கும் கால்கள். இதுதான் பத்திர நிலை. பயம் வந்தாலும் காற்று அடித்தாலும் இதற்குத் திரும்புங்கள். உட்கார்ந்தபடியே ஒரு கையை ஒரு அங்குலம் உயர்த்தி மற்றதைத் தாழ்த்திப் பாருங்கள். படகு உடனே சாயும். சமநிலை இடுப்பில் அல்ல, கைப்பிடியின் உயரத்தில் இருக்கிறது என்று இந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிடி லேசாக, விரல்களால். கட்டைவிரல் கைப்பிடியின் முனையில் நின்று வெளிப்பக்கம் மெல்ல அழுத்த வேண்டும். அப்போதுதான் காலர் கேட்டோடு ஒட்டியிருக்கும். ஒட்டாமல் விலகினால் துடுப்பு உள்ளே வெளியே நழுவி, படகு காரணமில்லாமல் ஆடுவது போலத் தோன்றும்.

நடுவழியில் இரண்டு கைப்பிடியும் ஒன்றன்மேல் ஒன்று வரும். இடக்கை மேலே, வலக்கை அதன் அடியில், உடம்புக்குச் சற்று அருகில். இதற்காகவே இடக்கைப் பக்கத்து கேட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருப்பார்கள். பிழை என்று நினைத்துச் சரிசெய்யப் போகாதீர்கள். பழகும்வரை இடக்கை நகம் வலக்கை முட்டிகளைக் கீறும். நகம் வெட்டச் சொன்னது இதற்குத்தான்.

முதலில் சீட்டை நகர்த்தாமல், கால் நீட்டியபடி கையால் மட்டும் பத்து இழுப்பு. பிறகு கையோடு உடம்பு, பத்து. பிறகு சீட்டைக் கால்வாசி தூரம், பாதி தூரம், முழுத் தூரம் என்று ஓடவிடுங்கள்: கால்வாசி ஸ்லைடு, அரை ஸ்லைடு, முழு ஸ்லைடு. ஒரு படியில் படகு ஆடினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். முழு ஸ்லைடு மூன்றாவது நாள் வந்தாலும் நஷ்டமில்லை.

பிளேடு தண்ணீருக்குள் போகும்போது செங்குத்தாக நிற்க வேண்டும், இது ஸ்கொயர். வெளியே எடுத்ததும் தட்டையாகத் திருப்பினால் ஃபெதர். திருப்புவது விரலின் வேலை, பென்சிலை உருட்டுவது போல. மணிக்கட்டை மடக்கித் திருப்பினால் ஒரு வாரத்தில் முன்னங்கை வீங்கும். ஆழம் பிளேடு மூழ்கும் அளவு. அதன் மேல்விளிம்பு தண்ணீருக்குச் சற்றுக் கீழே. தண்டும் சேர்ந்து மூழ்கினால் ஆழம் அதிகம்.

நிறுத்த, பிளேடுகளைத் தட்டையாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செங்குத்தாக்கித் தண்ணீரைத் தடுங்கள். திரும்ப, ஒரு கையால் வலித்து மறுகையால் பின்னுக்குத் தள்ளுங்கள். முதுகுக்குப் பின்னால் கண் இல்லை. ஐந்து இழுப்புக்கு ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். எந்தக் கரையோரம் போவது, எந்தக் கரையோரம் வருவது என்பதற்கு அந்தந்த நீரில் ஒரு விதி இருக்கும். முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே தப்புகிறது

கிராப். பிளேடு தண்ணீருக்குள் சிக்கி, வெளியே வர மறுத்து, கைப்பிடி வயிற்றில் வந்து இடிப்பது. தண்ணீரை விட்டு முழுவதும் எடுக்கும் முன்பே ஃபெதர் செய்வதுதான் பெரும்பாலும் காரணம். தட்டையான பிளேடு கத்தி மாதிரி கீழே இறங்கிவிடும். முதலில் கைப்பிடியைக் கீழே அழுத்திப் பிளேடை வெளியே எடுங்கள், பிறகு திருப்புங்கள். சிக்கிவிட்டால் ஸ்கல்லிங்கில் கைப்பிடியை விடவே கூடாது. மற்றக் கையை அசைக்காமல் வைத்து, படகின் வேகம் குறைந்ததும் மெல்லத் திருகி எடுங்கள்.

சீட்டு ஓடி, கை ஓடாமல் இருப்பது. கால் படாரென்று நீண்டுவிடும், சீட்டு பின்னால் போய்விடும், ஆனால் கைப்பிடி இருந்த இடத்திலேயே இருக்கும். உந்தியது வீண். வயிறும் முதுகும் தளர்ந்திருப்பதே காரணம். சீட்டும் கைப்பிடியும் ஒரே கட்டையில் ஆணியடித்தது போலச் சேர்ந்து நகர வேண்டும்.

ரெகவரியில் அவசரம். இதைச் சொல்லிச் சொல்லி எந்தப் பயிற்சியாளருக்கும் தொண்டை வற்றும். இழுத்த கையோடு சீட்டில் முன்னால் பாய்வார்கள். உங்கள் எடை படகைவிடப் பல மடங்கு. நீங்கள் பாய்ந்து வந்து நிற்கும்போது அந்த வேகம் கால் பலகை வழியாகப் படகைப் பின்னுக்குத் தள்ளும், படகு வேகம் இழக்கும். இழுப்புக்கு ஒரு பங்கு நேரம், திரும்பி வர இரண்டு பங்கு. படகின் அடியில் தண்ணீர் ஓடும் சலசலப்பு இழுப்புக்கு இழுப்பு அறாமல் கேட்டால் சரியாக வருகிறீர்கள்.

கேட்ச்சுக்கு முன் பிளேடு வானத்தைப் பார்ப்பது. முன்னால் எட்டும் ஆசையில் கை தாழ்ந்துவிடும். பிளேடு மேலேயிருந்து கீழே விழும் நேரத்தில் இழுப்பின் முதல் கால்பங்கு காற்றில் போகும். கடைசிக் கட்டத்தில் கையை லேசாக உயர்த்தினால் பிளேடு தானாக இறங்கும்.

கவிழ்ந்தால்

ஒருநாள் கவிழ்வீர்கள். அதனால் நல்ல கிளப்புகள் நீச்சல்குளத்திலோ கரையோரத்திலோ வேண்டுமென்றே ஒருமுறை கவிழவைத்துப் பழக்கும். வெல்க்ரோவை இழுத்துக் காலை எடுங்கள். தலை மேலே வந்ததும் படகைப் பிடியுங்கள். கரை அருகில்தானே என்று படகை விட்டு நீந்தாதீர்கள். படகு மிதக்கும், கண்ணுக்குத் தெரியும், மீட்க வருபவர் தேடுவதும் அதைத்தான். திரும்ப ஏறப் பழகியிருந்தால், படகை நிமிர்த்தி, இரண்டு கைப்பிடிகளையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்து, குறுக்கே படுத்து, திரும்பி உட்காருங்கள். இரண்டு முறை முயன்று முடியாவிட்டால் அதற்குமேல் வேண்டாம். படகின்மேல் தொற்றிக்கொண்டு கையை ஆட்டுங்கள்.

நாலு பேர் படகு

ஆளுக்கு எண் உண்டு. மூக்கின் பக்கம் இருப்பவர் 1. எல்லோருக்கும் தாளம் வைப்பவர் கடைசி எண், அவர்தான் ஸ்ட்ரோக். படகைத் திருப்புபவரும் கட்டளை கொடுப்பவரும் காக்ஸ். ‘ஈஸி ஆல்’ என்றால் நிறுத்து. ‘ஹோல்ட் வாட்டர்’ என்றால் தண்ணீரைத் தடுத்துப் பிடி. ‘பேக் இட்’ என்றால் பின்னுக்குத் தள்ளு. காரணத்தைப் பிறகு கேட்கலாம், முதலில் செய்துவிடுங்கள். முன்னால் வருவதைப் பார்ப்பவர் காக்ஸ் ஒருவர்தான். உங்கள் கண் முன்னால் இருப்பவரின் தோளில் நிற்கட்டும். தன் பிளேடை எட்டிப் பார்க்க ஒருவர் தலையைத் திருப்பினாலே படகு அந்தப் பக்கம் சாயும்.

காற்று, மழை, அடையாற்றுத் தண்ணீர்

சென்னையில் நேரம் விடியற்காலை. வெயில் ஏறக் கடற்காற்று கிளம்பும். அலையின் தலையில் வெள்ளை நுரை தெரிந்தால் ஒற்றையர் படகை எடுக்காதீர்கள். இடிச்சத்தம் கேட்டால் கரை. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். மேலே செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறந்தால் கீழே ஆற்றின் குணமே மாறும். மரக்கட்டையும் குப்பையும் அடித்துவரும். அந்த நாட்களில் மெஷின்தான்.

ஆகாயத்தாமரை ஃபின்னில் சுற்றினால் படகு திடீரென்று கனக்கும், திருப்பினால் திரும்பாது. நிறுத்தி நாலைந்து இழுப்பு பின்னுக்குத் தள்ளுங்கள், பெரும்பாலும் கழன்றுவிடும்.

ஆற்றில் சாக்கடை கலப்பது ஊரறிந்தது. கையில் காயம் இருந்தால் நீர் புகாத பிளாஸ்திரி போட்டு இறங்குங்கள். தண்ணீர்ப் புட்டியின் வாய் மூடியே இருக்கட்டும். கரையேறியதும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் இட்லியைத் தொடாதீர்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், ஆற்றுத் தண்ணீரில் இருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலை அவர் நினைத்துப் பார்க்க அந்தத் தகவல் தேவை.

கரைக்கு வந்தபின்

கொப்புளம் வரும். கையுறை போட்டால் பிடி தடித்து இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள், அதிகமாகும். கொப்புளம் உள்ளங்கையின் நடுவில் இருந்தால் துடுப்பை முஷ்டியால் பிடிக்கிறீர்கள். விரலடியில் இருந்தால் பிடி சரி, தோல் தடிக்க நாள் கொடுங்கள். மேல்தோலைக் கிழிக்காமல், கழுவிக் காயவிட்டு, அடுத்த வகுப்புக்கு டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

படகை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். முகத்துவார நீரில் உப்பு உண்டு, ரிக்கரின் போல்ட்டுகளை அரிக்கும். காற்று அறை மூடிகளைத் திறந்து வையுங்கள். கடைசியாக, ஈரத்துணியால் தண்டவாளத்தையும் சீட்டுச் சக்கரத்தையும் துடையுங்கள். துணியில் கறுப்பு மை மாதிரி வரும். அதைத் துடைக்காமல் விட்டால் நாளை சீட்டு நடுவழியில் தட்டி நிற்கும்; உங்களுக்கு அல்ல, உங்களுக்குப் பின் அந்தப் படகை எடுப்பவருக்கு.